அடிமைத்தனமா, அடிமைமுறையா?

வணக்கம்,

கியூபாவின் வரலாறு ஒன்றை ஸ்பானிய மொழியிலிருந்து தமிழாக்கி வருகிறேன். ‘எஸ்கிளவிதூத்’ வரும் இடமெல்லாம் ‘அடிமைத்தனம்’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் ‘அடிமைமுறை’ என்று மாற்றச் சொல்கிறார். எது சரி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொல்வது பெரும்பாலான இடங்களில் சரி, எல்லா இடத்திலும் அல்ல. அந்தச் சொல் ஒரு மனிதரின் நிலையையும் குறிக்கும், சட்டம் காத்துநின்ற ஏற்பாட்டையும் குறிக்கும். கூட வரும் வினையைப் பாருங்கள். ‘அபோலிர்’ வந்தால் ஒழிக்கப்படுவது ஏற்பாடு, அங்கே அடிமைமுறை. ‘ரெதுசிர் அ எஸ்கிளவிதூத்’ என்றால் பெயர்ச்சொல்லே வேண்டாம், ‘அடிமையாக்கினார்கள்’ போதும். தமிழில் ‘அடிமைத்தனம்’ ஒருவரின் மனப்போக்கையும் சுட்டுகிறது. சந்தையில் விலைபேசி விற்கப்பட்டவர்களைப் பற்றிய பத்தியில் அதை வைத்தால் பழி அவர்கள் தலையிலேயே விழும். அதனால்தான் அதை நான் தவிர்க்கச் சொல்கிறேன்.

‘த்ராதா’வை இதோடு கலந்துவிடாதீர்கள். அது அடிமை வணிகம். அப்போது கியூபாவை ஆண்ட ஸ்பெயின் பிரிட்டனோடு 1817இல் செய்த ஒப்பந்தப்படி 1820இல் தடையானது அந்த வணிகம்தான். தடையை மீறி அதன்பிறகும் கப்பல்கள் வந்தன. கியூபாவில் அடிமைமுறை முடிந்தது 1886இல். சொல் மாறினால் 66 ஆண்டுகள் காணாமல்போகும்.

‘செர்விதும்ப்ரே’ வந்தாலும் அடிமைநிலை என்றே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வீட்டு வேலையாட்களாகவும் இருக்கலாம். நிலப் பத்திரத்தில் வந்தால் அடுத்தவர் நிலத்தின் வழியே போகும் பாதை உரிமை.

உங்கள் நூலில் அதிகம் சறுக்கும் இடம் 1880ஆம் ஆண்டுச் சட்டம். அடிமைமுறை ஒழிந்தது என்று அறிவித்த கையோடு, ‘பத்ரொனாதோ’ என்ற பெயரில் எட்டாண்டுக் காலம் பழைய எஜமானிடமே வேலைசெய்ய வைத்த சட்டம் அது. கெடு முடியும் முன்பே, 1886 அக்டோபர் 7இல் அதை நீக்கினார்கள். அதன்கீழ் இருந்தவரை ‘பத்ரொசினாதோ’ என்றார்கள். அகராதியைப் பார்த்து ‘ஆதரவு பெற்றவர்’ என்று எழுதினால் எஜமான் வள்ளலாகிவிடுவார். ‘எஜமானுக்குக் கட்டுப்பட்டவர்’ என்று எழுதுங்கள். ‘எமன்சிபாதோ’வும் அப்படித்தான்: பிடிபட்ட அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள். பெயரளவில்தான் விடுதலை, ஆண்டுக்கணக்கில் பிறரிடம் வேலைக்கு விடப்பட்டார்கள். முதல்முறை வரும்போது இதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

கரும்புப் பண்ணையும் ஆலையும் சேர்ந்த ‘இன்ஹேனியோ’வைப் பற்றிய பகுதியில் ‘தொதாசியோன்’ வந்தால் ‘பணியாளர்கள்’ என்று போடாதீர்கள். அந்த ஆலையின் அடிமைகள் அத்தனை பேரையும் சேர்த்துச் சொல்வது அது.