விடியும் முன் கொடுக்கவேண்டிய கூலி: பரிசுத்த வாழ்வு குறித்துக் கேள்வி பதில்

ஐயா, நான் இரட்சிக்கப்பட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதே கோபம், அதே பொய். ‘பரிசுத்தவான்’ என்ற சொல்லைக் கேட்டாலே தலைகுனிவாக இருக்கிறது.

தம்பி, பவுல் அந்தச் சொல்லை யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். கொரிந்து சபையில் கட்சிப் பிரிவினை இருந்தது. சகோதரன்மேல் சகோதரன் வழக்குத் தொடுத்தான். கர்த்தருடைய இராப்போஜனத்துக்குக் கூடிவந்தபோதே ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடித்து வெறித்திருந்தான். இத்தனையையும் அறிந்தவர்தான், கடிதத்தின் தொடக்கத்திலேயே அவர்களைப் ‘பரிசுத்தமாக்கப்பட்டவர்கள்’ என்கிறார். அவர்களைக் கண்டித்தது அதற்குப் பிறகுதான்.

‘கதோஷ்’ என்ற எபிரெயச் சொல்லுக்கு, தேவனுக்கென்று பிரித்தெடுக்கப்பட்டது என்பது பொருள். இஸ்ரவேலர் தேவனைத் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தின் கிண்ணமும் கரண்டியும் அவருடையவை என்பதால்தான் பரிசுத்தமாயின. நீங்களும் முதலில் அவருடையவர். உங்கள் கோபம் மாறவேண்டும், சந்தேகமேயில்லை. ஆனால் தேவனுடைய பிள்ளையாவதற்காக அல்ல, பிள்ளையாக இருப்பதால் மாறவேண்டும். இந்த வரிசை தலைகீழானால் ஏழு ஆண்டு என்ன, எழுபது ஆண்டானாலும் சோர்வுதான் மிஞ்சும்.

எதைத் தொடக்கூடாது, எங்கே போகக்கூடாது என்றே கேட்டு வளர்ந்தேன். விலக்கவேண்டியவற்றின் பட்டியல்தான் பரிசுத்தமா?

விலக்கவேண்டியவை உண்டு, சகோதரி. ஆனால் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ‘நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்’ என்று சொன்ன கர்த்தர், அடுத்து என்ன பேசுகிறார்? தாய் தகப்பனுக்குப் பயந்திரு என்கிறார். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறார். செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே என்கிறார். உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூரு என்ற கட்டளையும் இதே அதிகாரத்தில்தான் இருக்கிறது, 18-ஆம் வசனத்தில். முடிக்கும்போது படிக்கல்லும் மரக்காலும் சரியாக இருக்கட்டும் என்கிறார். சிலைகளையும் குறிசொல்லுகிறவர்களையும் விலக்கச் சொல்லும் அதே வாய்தான் தராசைப் பற்றியும் சொல்கிறது.

இதில் 13-ஆம் வசனம் என்னைக் குத்திய நாள் ஒன்றுண்டு. எங்கள் வீட்டுக் கதவைச் செப்பனிட்ட தச்சர் மாலையில் வேலையை முடித்துவிட்டுக் கைகளைத் துடைத்தபடி நின்றார். பணம் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எழுந்துபோய் எடுக்க அலுப்புப்பட்டு, ‘நாளை வாருங்கள்’ என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரம்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு தியானத்தில் வந்தது இந்த அதிகாரம்: கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது. வேதத்தை மூடிவிட்டு, பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் கதவைத் திறந்தபோது உள்ளே பிள்ளைகள் இன்னும் விழித்திருந்தார்கள். நான் வருடக்கணக்காக உபவாசமிருந்தும் எட்டாத ஏதோ ஒன்று அந்த வாசற்படியில் எனக்குப் புரிந்தது.

பரிசுத்தமாக்குவது தேவனுடைய வேலையா, என்னுடைய முயற்சியா?

பிலிப்பியர் 2:12 ‘உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்’ என்கிறது. அடுத்த வசனம், விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. இரண்டையும் இணைப்பது ‘ஏனெனில்’ என்ற சொல். அவர் செய்கிறார், ஆகவே நீ சும்மா இரு என்று பவுல் சொல்லவில்லை. அவர் செய்கிறார், அந்தத் தைரியத்தில் நீ உழை என்கிறார். மன்னிக்க மனமில்லாதவன் மனம் வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். ‘விருப்பத்தைத் தாரும்’ என்று ஜெபித்துக்கொண்டே, மன்னிக்கவேண்டியவரின் வீட்டை நோக்கி நடக்கட்டும்.

ஒரு பாவத்தில் இரகசியமாகத் திரும்பத் திரும்ப விழுகிறேன். கைப்பேசியில் பார்க்கக்கூடாததைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் சில நாள்கள் ஜெபிக்கவே கூசுகிறது.

இதை எழுத எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும், தம்பி. முதலில் அந்தச் சில நாள்களைப் பற்றிச் சொல்கிறேன். அழுக்கு கொஞ்சம் மங்கட்டும், பிறகு அவர் முன் போகலாம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் சுத்திகரிக்கிறவர் அவர்தானே? விழுந்த அதே இரவில், அதே கட்டிலின் ஓரத்தில் முழங்காற்படியிடுங்கள். 1 யோவான் 1:9 அறிக்கையிடுகிறவனுக்குக் காத்திருப்புக் காலம் எதையும் விதிக்கவில்லை.

அடுத்தது, தனியாகப் போராடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்று யாக்கோபு எழுதினார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் 1742 முதல் பன்னிரண்டு பேர் அளவிலான சிறு குழுக்களாக வாரந்தோறும் கூடி, ஒருவருடைய ஆத்துமாவின் நிலையை மற்றவர் விசாரித்தார்கள். உங்களுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம். வாயை அடக்கத் தெரிந்த, முதிர்ந்த ஆண் ஒருவர் போதும். இரவில் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று எண்ணாதீர்கள், மாம்சத்துக்கு இடம் கொடாதிருப்பது இப்படித்தான். பெருக்கி அலங்கரித்து வெறுமையாய் விட்ட வீட்டுக்கு அசுத்த ஆவி ஏழு ஆவிகளோடு திரும்பியது என்று இயேசு சொன்னாரே, ஆகவே அந்த நேரத்தை நிரப்ப வேறொன்றும் வேண்டும். வசனமோ, நண்பனோ, உடல் களைக்கும் வேலையோ எதுவானாலும் சரி. இத்தனைக்குப் பிறகும் அடிமைத்தனம் விடவில்லையென்றால், பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் போவதில் அவிசுவாசம் எதுவுமில்லை.

இந்த வாழ்நாளிலேயே பாவமில்லாத பூரணத்தை அடைய முடியுமா?

அன்பில் பூரணப்படுவது இங்கேயே கூடும் என்று வெஸ்லி போதித்தார். பாவத்தின் மிச்சம் மரணம்வரை நம்மில் இருக்கும் என்பது சீர்திருத்த சபைகளின் போதனை. நமக்குப் பாவமில்லை என்றால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்னும் 1 யோவான் 1:8-ஐ வாசிக்கும்போது நான் இரண்டாவது பக்கமே சாய்கிறேன். ஆனால் வெஸ்லியிடமிருந்த பசி எனக்கும் வேண்டும்.

கைக்குழந்தை வைத்திருக்கிறேன், ஐயா. அமைதியாக உட்கார்ந்து ஜெபிக்கப் பத்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

குற்றவுணர்வை இறக்கி வையுங்கள், மகளே. 17-ஆம் நூற்றாண்டில் சகோதரர் லாரன்ஸ் என்ற துறவி பாரிஸ் மடத்தின் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே தேவ சமுகத்தை உணர்ந்து வாழ்ந்தார். காலையில் சங்கீதத்தின் ஒரே வரியை எடுத்துக்கொண்டு, பாலூட்டும்போது அதையே மெல்லச் சொல்லுங்கள். குழந்தையும் கேட்கட்டும்.

ஜெபம் வறண்டுவிட்டது. தேவன் என்னை விட்டு விலகிவிட்டாரா?

88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, விடிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, ஜெபமாகவே இருக்கிறது. சொந்த வார்த்தை வராத நாள்களில் அதை வாய்விட்டு வாசியுங்கள்.

நான் வளர்கிறேனா என்பதை எப்படி அறிவது?

ஜெப நேரத்தை மணிக்கணக்கில் எண்ணி அறிய முடியாது. வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்த பரிசேயனும் எண்ணிக்கை வைத்திருந்தான். கலாத்தியர் 5-இல் அன்பு முதல் இச்சையடக்கம் வரை ஒன்பது குணங்கள் வருகின்றன. பவுல் அவற்றை ஆவியின் ‘கனிகள்’ என்று பிரிக்காமல் ‘கனி’ என்று ஒருமையிலேயே சொல்கிறார். சபையில் சாந்தமாகவும் வீட்டில் சீறலாகவும் இருந்தால் அந்தக் கனி இன்னும் பழுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க முன்பு ஒரு வாரம் எடுத்துக்கொண்டவர் இப்போது ஒரு மணி நேரத்தில் கேட்கிறாரா என்று பாருங்கள். என் கணக்கில் அது வளர்ச்சிதான்.

உங்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்கிறவரிடம், ‘போன வருடத்தைவிட என்னோடு வாழ்வது இப்போது எளிதாக இருக்கிறதா?’ என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள்.