படகில் ஒருவர் சரிந்தால்: ரோயிங் பயிற்சியும் இதய அவசரமும்

எட்டுப் பேர் படகில் நடுவே இருப்பவர் மயங்கிச் சரிந்தால், அங்கேயே சி.பி.ஆர். (மார்பை அழுத்தி, வாய்வழி மூச்சு கொடுக்கும் முதலுதவி) கொடுக்கலாமா?

முடியாது. பந்தயப் படகின் அகலம் இரண்டடிகூட இருக்காது. இருக்கை உருளும், முதுகுக்குக் கீழே கெட்டியான தளம் கிடையாது. நீங்கள் அழுத்தினால் படகுதான் ஆடும். எழுந்து நின்றால் எல்லோரும் தண்ணீரில்.

காக்ஸ் (படகைத் திருப்பி, கட்டளை சொல்பவர்) உடனே நிறுத்தச் சொல்லி, பயிற்சியாளரின் மோட்டார் படகைக் கூப்பிட வேண்டும். மற்றவர்கள் துடுப்பின் அலகை நீரின்மேல் தட்டையாக வைத்து, பிடியை விடாமல் இருந்தால் படகு கவிழாது. சரிந்தவருக்குப் பின்னால் இருப்பவர் அவர் தோளைத் தாங்கி, தலை மார்பில் மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் எல்லோரும் மறப்பது காலணியை. அது படகோடு திருகப்பட்டிருக்கும்; பட்டையை அவிழ்க்காமல் ஆளைத் தூக்கினால் கணுக்கால் சிக்கிக்கொள்ளும்.

ஓரிரு நிமிடத்தில் கரை சேரலாம் என்றால் நேரே கரைக்குப் போங்கள். அதற்கு மேல் ஆகுமென்றால் மோட்டார் படகின் தட்டையான தரையிலேயே தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒருவர் ஓட்ட, ஒருவர் அழுத்த வேண்டும். அதனால்தான் பயிற்சியாளர் தனியாக மோட்டார் படகில் போகக் கூடாது என்று வற்புறுத்துகிறோம்.

கை கால் உதறினார், இடையிடையே மூச்சை இழுத்தார். வலிப்பா?

இதயம் நின்ற முதல் நிமிடத்திலும் இப்படித்தான் தெரியும். அந்த இழுப்பு மூச்சே அல்ல. கூப்பிட்டால் பதில் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றதாகவே கொள்ளுங்கள். நாடியைத் தேடி நேரத்தை இழக்காதீர்கள்.

உடம்பெல்லாம் ஈரம். ஏ.இ.டி. (இதயத்துக்கு மின்அதிர்ச்சி, அதாவது ஷாக், கொடுக்கும் கருவி) வைக்கலாமா?

தரை ஈரமாக இருக்கலாம், மார்பு ஈரமாக இருக்கக் கூடாது. மின்சாரம் இதயத்துக்குள் போகாமல் தோலின் மேலேயே ஓடிவிடும். ரோயிங் உடையைக் கத்தரியுங்கள், துண்டால் ஒற்றுங்கள். கருவியின் ஒரு ஒட்டு வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். கருவி துடிப்பை ஆராயும்போது இன்ஜினை நிறுத்துங்கள், அதிர்வு அதைக் குழப்பும். ஏ.இ.டி. பெட்டியில் துண்டு, கத்தரி, மார்பு முடியை மழிக்கச் சவரக்கத்தி மூன்றும் வேண்டும். ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும், சி.பி.ஆர். இல்லையென்றால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அலுவலக அறையில் பூட்டிவைத்த ஏ.இ.டி. யாருக்கும் உதவாது.

தனியாள் படகிலிருந்து தண்ணீரில் விழுந்துவிட்டார் என்றால்?

தண்ணீரில் முகம் மூழ்கியவருக்கு ஆக்சிஜன் பற்றாக்குறையும் சேர்ந்திருக்கும். மேலே ஏற்றியதும் மூச்சில்லையென்றால் முதலில் 5 மூச்சு கொடுத்துவிட்டு, பிறகு 30-க்கு 2. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலவே வேண்டாம். ஆளை நெருங்கும்போது புரொப்பெல்லர் சுற்றாமல் இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

நினைவோடுதான் இருக்கிறார், நெஞ்சு அழுத்துகிறது என்கிறார்.

"மெதுவாகத் துடுப்புப் போட்டுத் திரும்பிவிடு" என்று சொல்லாதீர்கள். துடுப்பை ஒரு முறைகூட இழுக்க வேண்டாம். மோட்டார் படகில் சாய்த்து உட்கார வையுங்கள். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாத பெரியவர் என்றால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் போடக் கூடாது.

சென்னையில் 108-க்கு என்ன சொல்வது?

அடையாற்றின் நடுவில் கதவு எண் கிடையாது. ஆம்புலன்ஸ் நுழையக்கூடிய கரையிறங்கும் இடங்களை முன்கூட்டியே தேர்ந்து, அந்தந்தத் தெருவின் பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் எழுதி மோட்டார் படகில் ஒட்டுங்கள். அழைப்பவர் ஒருவர், வாசலைத் திறந்து நின்று வழிகாட்டுபவர் வேறொருவர்.