மலையகத்தில் முன்பள்ளி ஆசிரியராக வேலை செய்ய எந்தப் பயிற்சி உண்மையில் உதவும்?

ஹட்டன் பக்கத்தில் உயர்தரம் எழுதி முடித்த ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: தேயிலைத் தோட்டத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஆசை, அதற்கு என்ன பயிற்சி எடுக்க வேண்டும், பெற்றோரோடு பழகுவதற்கும் தனியாக ஏதாவது படிக்க வேண்டுமா என்று. நான் பல வருடம் ஒரு தோட்டத்து நேசரியில் (முன்பள்ளியில்) படிப்பித்துவிட்டு, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கேள்வியின் இரண்டாவது பாதியைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். பயிற்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள்.

முதலில் எங்கே படிப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் இந்த வேலை இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று, நம் பாட்டிமார் பிள்ளைக்காம்பரா என்றும் பிள்ளைமடுவம் என்றும் சொன்ன இடம். இப்போது அது சிறுவர் அபிவிருத்தி நிலையம். தாய் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தையில் இருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். தோட்டக் கம்பனிகளும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் சேர்ந்து நடத்துகின்றன. அங்கே இருப்பவர் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். மற்றது முன்பள்ளி. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்புக்குப் போய்விட்டன. அதனால் நுவரெலியா, கண்டி, மாத்தளைக்காரர்கள் மத்திய மாகாணத்திலும், பதுளைக்காரர்கள் ஊவாவிலும், இரத்தினபுரி, கேகாலைக்காரர்கள் சப்ரகமுவையிலும் விசாரிக்க வேண்டும். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் நெறியைத் தமிழில் படிக்கலாம். பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியையும் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையையும் பலர் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அவை பாடசாலை ஆசிரியர்களுக்கானவை. முன்பள்ளிக்கு வழி வேறு.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயம். எந்தப் பாடநெறியிலும் பிள்ளை உளவியல், பாட்டு, விளையாட்டு, கைவேலை எல்லாம் இருக்கும். குடும்பத்தோடு எப்படிக் கதைப்பது என்பதற்கு மட்டும் ஒரு பாடவேளை, கூடிப் போனால் ஒரு நாள். தோட்டத்தில் அது பாதி வேலை. அதைக் கற்காமல் வருகிற ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், பிள்ளையின் நாளில் நாலைந்து மணித்தியாலம்தான் அவர் கையில் இருக்கும். மிச்சமெல்லாம் லயத்தில், தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் அந்த வரிசை வீடுகளில்.

காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, பிந்தினால் தாய்க்கு அன்றைய பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடும். ஏழு மணிக்கு முன்பே, பனியிலோ மழையிலோ, ஒரு கையில் பிள்ளை, மறுகையில் சாப்பாட்டுப் பெட்டி, தோளில் கூடை, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி. நிலையத்து வாசலில் அவர் நிற்பது ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிடத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் என்ன செய்வார் தெரியுமா? பிள்ளையை வாங்கும் முன் தாயின் முகத்தைப் பார்ப்பார். "ராத்திரி நல்லாத் தூங்கினானா அக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். இருமல் என்றோ, வீட்டில் சண்டை என்றோ, விடிய விடியக் கூரை ஒழுகியது என்றோ ஏதாவது ஒன்று வரும். அதை வைத்துத்தான் அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரியும். பிறகு தாய் போவதைப் பிள்ளைக்குத் தெரியாமல் மறைக்காமல், "அம்மா கொழுந்தெடுக்கப் போறாங்க, சாப்பாட்டு நேரத்துக்கு வருவாங்க, டாட்டா சொல்லு" என்று சொல்லி அனுப்புவார். பிள்ளை அழும். அழட்டும். ஒளிந்து போகும் தாயைத் தேடி நாள் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது நல்லது. இதை எந்தச் சுவரொட்டியைப் பார்த்தும் படிக்க முடியாது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் வாசலில் நின்றுதான் பழக வேண்டும். என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் வகுப்பறைக்கு அனுப்புவதில்லை, வாசலுக்குத்தான் அனுப்புகிறேன்.

அடுத்தது, கடினமான விஷயத்தைப் பெற்றோரிடம் சொல்லும் விதம். இரண்டு வயது தாண்டியும் ஒரு பிள்ளை இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்று வைப்போம். "ஒங்க புள்ள இன்னும் பேசல்லயே" என்று வாசலில், நாலு பேர் முன்னால் சொன்னால் அந்தத் தாய் மறுநாள் பிள்ளையைக் கொண்டுவர மாட்டார். லயத்தில் ஒரு வீட்டுக் கதை மறு வீட்டுக்குப் போக நேரம் எடுக்காது. அவருக்கு மாமியார் இருப்பார், பக்கத்துக் காம்பராக்காரர் இருப்பார். நான் பயிற்சியில் இதை நடித்துக் காட்டச் சொல்வேன். ஒருவர் தாய், ஒருவர் ஆசிரியர். இப்படிப் போகும்:

"அக்கா, தம்பி வீட்டில என்னென்ன கேப்பான்? எப்படிக் கேப்பான்?"

"கையக் காட்டுவான் டீச்சர். நாங்க எடுத்துக் குடுத்துருவோம்."

"கூப்புட்டாத் திரும்பிப் பாப்பானா? டீவி சத்தம் கேட்டா?"

"அது பாப்பான்… சில நேரம் பாக்க மாட்டான்."

இந்த "சில நேரம்" முக்கியம். காது கேட்பதில் குறை இருக்கலாம், சளியால் காது அடைத்திருக்கலாம், வெறுமனே வீட்டில் அவனோடு கதைக்க ஆள் இல்லாமலும் இருக்கலாம். ஆசிரியர் நோயின் பெயர் எதையும் சொல்லக் கூடாது. கிளினிக்கில் தரும் பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, தாயோடு சேர்ந்து பார்த்து, மிட்வைஃப் மிஸ்ஸிடம் கூட்டிப் போக ஒரு நாள் குறிக்க வேண்டும். முடிந்தால் கூடப் போக வேண்டும். அந்தப் பதிவேட்டை வாசிக்கத் தெரியாத ஒருவரை முன்பள்ளி ஆசிரியர் என்று அனுப்புவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

பெற்றோர் கூட்டத்துக்கு வருவோம். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று அறிக்கை எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்தத் தாய் கூட்டத்துக்கு வந்தால் அரைப்பேராவது போகும். 2021இல் 1000 ரூபா, 2024இல் 1350 ரூபா என்று போராடிப் போராடி ஏறிய நாட்சம்பளம் அது. கூட்டத்தைச் சாயந்தரம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ வையுங்கள். அல்லது கூட்டமே வேண்டாம், லயத்து இஸ்தோப்பில் (திண்ணையில்) போய் உட்காருங்கள். தேத்தண்ணி தருவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அங்கே கிடைக்கும் தகவலும் நெருக்கமும் எந்தக் கூட்டத்திலும் கிடைக்காது. தகப்பன்மாரையும் அங்கேதான் பிடிக்க முடியும்.

எழுத்துப் பிரச்சினை உங்களுக்கு முதல் வாரத்திலேயே வரும். "டீச்சர், பக்கத்து நேசரியில அ, ஆ எழுதுறாங்க, எங்க புள்ள வெளையாடிக்கிட்டே இருக்கு." இதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளாதீர்கள். தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்ட சமூகம் இது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். பிள்ளை பேனை பிடித்தால் மலையில் இருந்து இறங்கிவிடும் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தாய் கேட்கிறார். அந்த ஆசை நியாயமானது. மூன்று வயதில் கையைப் பிடித்து எழுத வைப்பதுதான் தவறான வழி. அந்த வயதில் மணிக்கட்டின் எலும்புகளே முழுதாக உருவாகியிருக்காது. எழுத்துக்கு முன் விரல்கள் பழக வேண்டும், காது ஒலிகளைப் பிரித்துக் கேட்க வேண்டும், பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதை இருக்க வேண்டும்.

இதை விளக்க நான் விரிவுரை நடத்துவதில்லை. ஒருமுறை ஒரு அம்மாயியை (பாட்டியை) சுளகோடு நேசரிக்கு வரச் சொன்னோம். கொஞ்சம் அரிசியில் சின்னக் கல்லைக் கலந்து போட்டுவிட்டு, நாலு வயதுப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்தோம். அம்மாயி புடைத்துக் காட்டினார், பிள்ளைகள் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கல்லைக் கிள்ளி எடுத்தார்கள். நடுநடுவே அவர் பழைய தாலாட்டில் இரண்டு வரி பாட, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். வெளியே நின்ற தாய்மாரிடம், "பாருங்க, பென்சில் பிடிக்கிறதும் இதே ரெண்டு விரல்தான்" என்றேன். அதற்குப் பிறகு அந்த லயத்தில் எழுத்து ஏன் இல்லை என்று கேட்டவர்கள் குறைந்தார்கள். அம்மாயியோ, தனக்கு எழுத்துத் தெரியாது, தன்னால் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்க முடியும் என்று அதுவரை நினைத்திருந்தவர்.

அம்மாயி, அப்பாயி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருப்பார், தகப்பன் கொழும்பில் கடையில் நிற்பார், பிள்ளை பாட்டியிடம் வளரும். நீங்கள் படிக்கும் பாடநெறியில் "பெற்றோர்" என்று வரும் இடங்களில் எல்லாம் நம் ஊரில் பல நேரம் பாட்டிதான் நிற்பார். அவரோடு கதைக்கும் முறை வேறு. வயதுக்கு மரியாதை வேண்டும். புத்திமதி சொல்லும் தொனியே வரக் கூடாது. அதே நேரம் தூரத்தில் இருக்கும் தாயையும் விட்டுவிடக் கூடாது. பிள்ளை வரைந்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், தாயிடம் ஒரு கதை சொல்லி ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். வகுப்பில் குடும்பப் படம் வரையும்போது "அம்மாவையும் வரை, அம்மா தூரத்தில வேலை செய்றாங்க" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். அந்தத் தாயைக் குறை சொல்லும் ஒரு வார்த்தையும் பிள்ளையின் காதில் விழக் கூடாது.

சாப்பாடும் உங்கள் பாடம்தான். 2016 குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டத்தில் அது ஏறக்குறைய 32 சதவீதம். ஆகவே பத்து மணிக்குச் சோர்ந்து சுருண்டு கிடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணும் முன், காலையில் என்ன சாப்பிட்டது என்று பாருங்கள். வெறும் ரொட்டியும் தேத்தண்ணியும் என்றால் தாயைக் கேள்வி கேட்பதில் பயனில்லை. நிலையத்தில் தரும் உணவில் அந்தப் பிள்ளையைக் கவனிக்கவும், வீட்டுக்குக் கொடுக்கும் திரிபோஷ சத்துமா பிள்ளைக்குத்தான் போகிறதா, எல்லோருக்கும் பங்கு போகிறதா என்று மெதுவாகக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று சந்தேகம் வந்தால் தனியாக விசாரணை நடத்தாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே திகதியோடு எழுதி வைக்கவும் பழகுங்கள்.

பொருட்களுக்குப் பணம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். ஹட்டன் டவுனில் மொண்டிசோரி என்று பலகை போட்ட இடங்கள் நிறைய. உள்ளே போனால் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும். மரியா மொண்டிசோரி அம்மையார் 1940களில் கொடைக்கானலில் தங்கி வேலை செய்தவர், 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். அவர் பிள்ளைகளிடம் கொடுத்தது தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, துடைப்பது மாதிரி வீட்டு வேலைகளும்தான். தேயிலைக் கொட்டை, பைன் காய், கூழாங்கல், பழைய போத்தல் மூடி போதும், ஒரு கணக்குப் பாடமே செய்யலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பக்கத்தில் மட்டும் சின்னக் கொட்டைகளை வைக்காதீர்கள், தொண்டையில் சிக்கிவிடும்.

சம்பளம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: குறைவு. பல முன்பள்ளிகளில் பெற்றோர் தரும் கட்டணத்தை நம்பித்தான் இருக்க வேண்டும், மழைக்காலத்தில் கொழுந்து குறைந்தால் அதுவும் பிந்தும். இவ்வளவு பொறுப்பான வேலைக்கு இது பெரிய அநியாயம். வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவெடுங்கள். சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் இடம் கிடைத்தால் வருமானம் கொஞ்சமாவது நிலையாக இருக்கும்.

பாடநெறியில் பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். செய்முறைப் பயிற்சி எங்கே, தோட்டத்திலா டவுனிலா? அந்த நாட்களில் உங்களோடு கூட நின்று பார்க்க ஆள் இருக்கிறாரா? லயத்துக்குப் போய்க் குடும்பங்களைச் சந்திப்பதும் மதிப்பீட்டில் வருகிறதா? மூன்றாவதற்கு இல்லை என்று சொன்னாலும் நெறி நல்லதாக இருந்தால் சேருங்கள். ஆனால் படிக்கும் காலத்திலேயே உங்கள் டிவிஷன் (தோட்டப் பிரிவு) நிலையத்தில் இருக்கும் உத்தியோகத்தரிடமோ ஆயம்மாவிடமோ அனுமதி கேட்டு, சனிக்கிழமை காலையில் ஏழு மணிக்கு முன் அந்த வாசலில் போய் நில்லுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் எந்தப் பக்கம் என்று கீழே எழுதினால், விசாரிக்க வேண்டிய இடத்தைச் சொல்கிறேன்.