போரைப் போர் என்று சொல்லாத தலைவர்கள்: கேள்வி பதில்

செய்தி மொழிபெயர்ப்பில் ரொம்ப வருடம் ஓட்டியவன் நான். தலைவர்களின் போர், சமாதானப் பேச்சுகள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வரிசை கட்டிவிட்டீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், உக்ரைன் படையெடுப்பைப் புதின் ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்றாரே, இப்படி வேறு யாரும் பேசியிருக்கிறார்களா?

பதில்: பேசாதவர்களை எண்ணுவதுதான் சுலபம். 1950 ஜூன் கடைசியில் கொரியாவில் அமெரிக்கா இறங்கியபோது அமெரிக்க அதிபர் ட்ரூமன் நிருபர்களிடம் ‘நாம் போரில் இல்லை’ என்றார். ஐ.நா. சார்பிலான போலீஸ் நடவடிக்கை என்று சொல்லலாமா என்று ஒரு நிருபர் எடுத்துக் கொடுக்க, அதேதான் என்று பிடித்துக்கொண்டார். அந்தப் ‘போலீஸ் நடவடிக்கை’யில் 36,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள், கொரியர்கள் கணக்கு பல லட்சம். போர் என்று அறிவிக்க வேண்டுமென்றால் காங்கிரஸிடம், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்திடம், போய் நிற்க வேண்டும், அதுதான் விஷயம். நாம் மட்டும் என்ன, 1948 செப்டம்பரில் நிஜாம் ஆண்ட ஹைதராபாத்துக்குள் ராணுவம் டாங்கியோடு போனதையும் போலீஸ் நடவடிக்கை என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

கேள்வி: ஜப்பான் பேரரசர் சரணடைந்த உரையில் ‘சரண்’ என்ற சொல்லே இல்லையாமே?

பதில்: இல்லை. ஹிரோஷிமா, நாகசாகி இரண்டும் அழிந்து, சோவியத்தும் போரில் இறங்கிவிட்ட பிறகு ஹிரோஹிட்டோ சொன்னது, போர் நிலவரம் ஜப்பானுக்குச் சாதகமாகத்தான் திரும்பியது என்று சொல்ல முடியாது என்கிற மாதிரி! சரணடையச் சொன்ன எதிரி நாடுகளின் கூட்டு அறிவிப்பை ஏற்கிறோம் என்று சுற்றி வளைத்தார். 1945 ஆகஸ்ட் 14 இரவு இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். விஷயம் தெரிந்த சில ராணுவ அதிகாரிகள் தட்டைக் கைப்பற்ற விடிய விடிய அரண்மனையைச் சல்லடை போட்டும் கிடைக்கவில்லை. மறுநாள் நண்பகலில் சாதாரண ஜனங்கள் முதல்முறையாக அவர் குரலைக் கேட்டார்கள், ஆனால் அரசவை நடையும் வானொலி இரைச்சலுமாகப் பலருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அப்புறம் அறிவிப்பாளர்தான் சாதாரண மொழியில் விளக்கினார். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அந்த அறிவிப்பாளர் மேல்தான் எனக்கு மரியாதை.

கேள்வி: அண்ணே, ஹிட்லரோடு சமாதானம் பேசிய பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினைக் கோமாளி என்கிறார்களே, நியாயமா?

பதில்: கோமாளி இல்லை. 1938 செப்டம்பர் 30 அன்று ஹிட்லர் கையெழுத்திட்ட தாளை விமான நிலையத்தில் ஆட்டிக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ‘நம் காலத்துக்குச் சமாதானம்’ என்றார். ஒரு வருடம் முடியும் முன்பே போர் வந்துவிட்டது. ஊரே அன்று கைதட்டியது, அதை மறந்துவிடுகிறோம். என் குறை வேறு: அந்தப் பேச்சு நடந்த ஜெர்மனியின் முனிச்சில் தாரை வார்த்தது செக்கோஸ்லோவாக்கியாவின் நிலம், பேச்சு மேசையில் அந்த நாட்டுக்காரருக்கு நாற்காலியே கிடையாது.

கேள்வி: ராணுவச் செலவுக்கு எதிராக அமெரிக்க அதிபர் ஐசனோவர் பேசியது உண்மையா, வேஷமா?

பதில்: இரண்டும்தான். ஸ்டாலின் இறந்து ஆறு வாரத்தில், 1953 ஏப்ரல் 16, வாஷிங்டனில் பத்திரிகை ஆசிரியர்கள் முன்னால், ஒரு கனரக குண்டுவீச்சு விமானத்தின் விலை முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஊருக்கொரு பள்ளிக்கூடம் என்று கணக்குப் போட்டார். தளபதியாக இருந்தவர், விலை தெரியும். ஆனால் அவர் ஆட்சியில்தான் அமெரிக்க அணு ஆயுதக் கையிருப்பு பல மடங்கு ஏறியது.

கேள்வி: நேரு?

பதில்: 1962 அக்டோபர் 12, கொழும்புக்குக் கிளம்பும்போது நிருபர்களிடம், எல்லையில் நம் மண்ணை மீட்கச் சொல்லி ராணுவத்துக்கு உத்தரவு போயிருக்கிறது, தேதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். எட்டாம் நாள் சீனா தாக்கியது. வாய் முந்திக்கொண்டது.

கேள்வி: நீங்கள் நம்பும் சமாதானப் பேச்சு ஏதாவது உண்டா?

பதில்: எகிப்து அதிபர் சதாத். 1977 நவம்பரில், தேவைப்பட்டால் இஸ்ரேல் நாடாளுமன்றத்துக்கே போவேன் என்று கெய்ரோவில் சொன்னார். அலங்காரப் பேச்சு என்று நினைத்துக் கைதட்டினார்கள், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் ஒருவர். பத்தே நாளில் நிஜமாகவே போய் இறங்கினார். இது பிடிக்காமல் அவருடைய வெளியுறவு அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டார். அங்கே போயும் குழையவில்லை, 1967 போரில் பிடித்த அரபு நிலத்தை முழுக்க விடுங்கள் என்று முகத்துக்கு நேரே அரபியில் கேட்டார். 1979இல் ஒப்பந்தம், 1981 அக்டோபர் 6 ராணுவ அணிவகுப்பில் சொந்தச் சிப்பாய்களே சுட்டுக் கொன்றார்கள்.