எலிக்கு கொக்கைன் தேடுற பழக்கத்தை ரிசெப்டார் மருந்து நிறுத்துதுன்னு சொல்றாங்களே, அப்ப மனுஷனுக்கு ஏன் இன்னும் மருந்து வரல?

நான் பார்மகாலஜி படிச்சவன், காரைக்குடி பக்கம் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம்தான் எடுக்குறேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன். ரிசெப்டார்னா நரம்பு செல் மேல ரசாயனம் வந்து ஒட்டுற புரோட்டீன், அதைத் தூண்டுறதோ அடைக்கிறதோதான் ரிசெப்டார் மருந்து.

மொதல்ல ஒண்ணு பிரிச்சுக்கணும். கொக்கைன் எடுத்துக்கிறது வேற, தேடுறது வேற. எலியோட கழுத்து ரத்தக்குழாய்ல ஒரு சின்ன டியூப் வச்சிருவாங்க, கூண்டுல இருக்க லீவரை அது அமுக்குனா மருந்து உள்ள போகும், கூடவே ஒரு லைட் எரியும். நல்லா பழகுனப்புறம் மருந்தையும் லைட்டையும் கட் பண்ணிருவாங்க, எலி அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு ஒரு கட்டத்துல விட்ரும். அதுக்கப்புறம் அந்த லைட்டை மட்டும் திரும்ப காட்டுனா, இல்ல துளி கொக்கைன் ஊசியா போட்டா, இல்ல கால்ல லேசா கரண்ட் ஷாக் குடுத்தா, மறுபடியும் லீவரை அமுக்க ஆரம்பிச்சிரும், இத்தனைக்கும் அமுக்குனா மருந்து வராது. இதுதான் தேடுறது. நம்ம ஊர் வீட்ல ரெண்டாங்கட்டுல வெள்ளைப் பணியாரம் சுட்டா முகப்புல உக்காந்திருக்கவுகளுக்கு வாயில எச்சில் ஊறுதுல்ல, அந்த மாதிரி.

இப்ப ரிசெப்டாருக்கு வருவோம். ஆசையைத் தூண்டுறதுல பங்கு இருக்க மூளை ரசாயனம் டோபமைன். நரம்பு செல் வெளியவிட்ட அந்த டோபமைனைத் திரும்ப உள்ள இழுத்துக்க ஒரு புரோட்டீன் இருக்கு, கொக்கைன் அதைத்தான் அடைக்குது, அதனால டோபமைன் வெளியவே தேங்கி நிக்கும். டோபமைன் ரிசெப்டார்ல டி1 மாதிரி, டி2 மாதிரின்னு ரெண்டு குடும்பம். ரெண்டுல எதைத் தூண்டுனாலும் ஆசை வரும்னுதானே தோணும்? 1996ல டேவிட் செல்ஃப், எரிக் நெஸ்லர்ங்கிற ஆராய்ச்சியாளர்களோட குழு சயன்ஸ் பத்திரிகையில போட்டது அப்படியே தலைகீழ். டி2 பக்கத்தைத் தூண்டுற மருந்து குடுத்தா எலி திரும்ப தேட ஆரம்பிச்சிருச்சு, டி1 பக்கத்தைத் தூண்டுனா தேடல, அதுமட்டுமில்ல, கொக்கைன் ஊசி போட்டுக் கிளப்புற தேடலையும் அது அடக்கிருச்சு! ஒரே டோபமைன், ரெண்டு ரிசெப்டார், எதிரெதிர் வேலை. ஆனா டி1 மருந்து தானா கிடைக்கும்னா எலி அதுக்காகவும் லீவரை அமுக்குது, அதாவது அதுவே பழக்கமாகலாம், மருந்தா கொண்டு வர்றதுக்கு இது பெரிய முட்டுக்கட்டை.

இன்னொரு விஷயம், பேப்பர் படிக்கிறப்ப நான் மொதல்ல தேடுறது இதைத்தான். லீவர் அமுக்குறது கொறஞ்சதுன்னு சொன்னா உடனே நம்பிடக் கூடாது, எலி சோர்ந்து கிடந்தாலும் கொறையத்தானே செய்யும். அதே மருந்தைக் குடுத்து, சர்க்கரை உருண்டைக்கு அமுக்குறது கொறையாம இருக்கான்னு பாத்தாங்களான்னு பாருங்க. பாக்கலைன்னா அந்த முடிவை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

சரி, மனுஷனுக்கு ஏன் வரல? ரிமோனபண்ட் கதையைப் பாத்தா புரியும். கஞ்சாவோட முக்கியமான பொருள் போய் ஒட்டுற சிபி1 ரிசெப்டாரை அது அடைக்கும். 2001ல எலிகள்ட்ட பாத்தப்ப லைட்டால வர்ற தேடலும் கொக்கைன் ஊசியால வர்ற தேடலும் கொறஞ்சது, ஆனா ஷாக்கால வர்றது கொறையல. மனுஷன் திரும்ப போறதுக்கு வீட்டுச் சண்டை, கடன், மன அழுத்தம் எல்லாமும் பெரிய காரணமா இருக்கு, அந்த வாசல் தொறந்தேதான் கெடக்கு. அதோட இதே மருந்தை ஒடம்பு எடை கொறைக்க ஐரோப்பாவுல வித்தாங்க, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருதுன்னு 2008ல நிறுத்திட்டாங்க. ஆசையை அடக்குற அதே ரிசெப்டார்தான் மனசை நல்லா வச்சுக்கவும் வேலை செய்யுது, ஒண்ணை மட்டும் தொட முடியல. குளூட்டமேட்ங்கிற இன்னொரு மூளை ரசாயனம், டி2 குடும்பத்துல இருக்க டி3 ரிசெப்டார்னு நெறைய முயற்சி நடந்துச்சு, ஆனா கொக்கைன் அடிமைத்தனத்துக்குன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதிச்ச மருந்து இன்னைக்கும் ஒண்ணுகூட இல்ல.

அதுக்காக ரிசெப்டார் மருந்தே வீண்னு நெனச்சிராதீங்க. காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வீடுகளை அழிக்கிறது குடிதான், அதுக்கு ஓபியாய்ட் ரிசெப்டாரை, அதாவது அபின், மார்ஃபின் மாதிரிப் பொருள் போய் ஒட்டுற ரிசெப்டாரை அடைக்கிற நால்ட்ரெக்ஸோன் இருக்கு, 1994லயே எஃப்டிஏ அனுமதிச்சது. நெறைய குடும்பத்துக்கு இப்படி ஒரு மாத்திரை இருக்குறதே தெரியல, "அவனுக்கு வைராக்கியம் இல்ல"ன்னு திட்டிக்கிட்டே இருக்காக, எனக்கு அதைக் கேட்டாலே வேதனையா இருக்கு. மனநல டாக்டரைப் பாருங்க, ஈரல் எப்படி இருக்குன்னு டெஸ்ட் பண்ணிட்டு எழுதிக் குடுப்பாங்க. ரொம்ப வருஷமா தெனம் குடிக்கிறவுகளை மட்டும் வீட்ல வச்சு திடீர்னு நிறுத்த வைக்காதீங்க, வலிப்பு வரலாம். எங்க போறதுன்னு தெரியலைன்னா 14446க்கு போன் பண்ணுங்க, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் அது, காசு கிடையாது.