பொத்தானை அழுத்தினால் முகப்பு தானாகத் திறக்கும் சூப்பர் ஹீரோ ஹெல்மெட்டை 3டி பிரிண்டர் இல்லாமல் வீட்டில் செய்ய முடியுமா? வீடியோ பார்த்துச் செய்தேன், சர்வோ என்ற சிறு மோட்டார் முகப்பைத் தூக்கவே மாட்டேன் என்கிறது.

தாராளமாக முடியும். நீங்கள் கேஎல்லில் (கோலாலம்பூரில்) இருக்கிறீர்கள், டிசம்பரில் காமிக் ஃபியெஸ்டா என்ற காமிக்ஸ், அனிமே விழாவுக்குப் போட்டுக்கொண்டு போகப் பார்க்கிறீர்கள், எஸ்ஜி90 சர்வோ இரண்டை வாங்கிக் காதுக்கு மேலே ஒட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே கேள்வியை யார் கேட்டாலும் உடனே நாற்பது வரி நிரலை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். நிரல் கடைசி வேலை. முகப்பு எத்தனை கிராம்? சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தீர்களா?

கணக்கு இதுதான். எஸ்ஜி90, உலோகப் பல் வைத்த எம்ஜி90எஸ் இரண்டுக்குமே 4.8 வோல்ட்டில் திருப்புவிசை 1.8 கிலோ-செ.மீ. (அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி 1.8 கிலோவைத் தாங்கும்) என்றுதான் தாளில் போட்டிருக்கும். அது சர்வோ திணறி நிற்கும் எல்லை. ஓட்டத்துக்கு அதில் பாதியைத்தான் நம்பலாம். இரண்டு சர்வோவுக்கும் சேர்த்து 1.8. முகப்பின் எடைமையம் கீலிலிருந்து 12 செ.மீ. முன்னால் இருந்தால், 150 கிராம் முகப்புக்கு 150 × 12 = 1,800 கிராம்-செ.மீ. அதாவது மிச்சமே இல்லை. மூடியிருக்கும் நிலையிலும் திறக்கத் தொடங்கும்போதும்தான் பாரம் அதிகம். மேலே போகப் போகக் குறையும். அதனால்தான் உங்களுடையது "ம்ம்" என்று முனகிவிட்டு அப்படியே நிற்கிறது.

இதற்கு மேல், வீடியோக்காரர்கள் தாடைப் பக்கம் பெரிய நியோடிமியம் காந்தம் வைக்கச் சொல்வார்கள். மூடும்போது 'டக்' என்று அழகாக ஒட்டும், சரி. திறக்கும்போது சர்வோ முகப்பின் எடையோடு அந்தக் காந்தத்தையும் பிய்க்க வேண்டும், அதுவும் கீலிலிருந்து வெகு தூரத்தில் இருப்பதை. ஒரு பக்கம் 6 × 2 மி.மீ. காந்தம், எதிர்ப்பக்கம் இரும்பு வாஷர், நடுவில் ஒரு சுற்று டேப். அவ்வளவு போதும்.

ஆகவே முகப்பை 100 கிராமுக்குள் அடக்குங்கள். 5 மி.மீ. ஈவிஏ ஃபோமில் (மெத்தென்ற நுரைத் தகடு) வெட்டினால் பெயின்ட், எல்இடி எல்லாம் சேர்ந்தும் அடங்கும். ஹெல்மெட்டின் ஓட்டுக்குப் பிள்ளைகள் விளையாடும் புதிர்ப் பாயே போதும். காகித அச்சு இணையத்தில் இலவசம். கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அமுக்குங்கள். இதைப் பற்றி வேறு பதில்களில் நிறைய இருக்கிறது, விடுகிறேன்.

சர்வோவை எங்கே பொருத்துவது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதன் அச்சையே கீலாக வைத்தால், சர்வோ உடம்பு காதுக்கு மேலே ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 3 செ.மீ. அடைத்துக்கொள்ளும். ஹெல்மெட் தலையைவிட 6 செ.மீ. அகலமாகிப் பூசணிக்காய் மாதிரி நிற்கும். கீலுக்கு எம்3 (3 மி.மீ.) போல்ட்டும் நைலான் நட்டும் போடுங்கள். சர்வோவை மண்டை உள்வாங்கும் மேல்பகுதியில் வைத்து, அங்கிருந்து 2 மி.மீ. கம்பியால் தள்ளுங்கள். சைக்கிள் சக்கரக் கம்பி அளவாக இருக்கும். சர்வோவின் கையும் கீலின் கையும் ஒரே நீளம் இருக்கட்டும். சுழற்சி 90 டிகிரி போதும். அதற்கு மேல் போகப் போகக் கம்பியும் கையும் நேர்கோட்டை நெருங்கிப் பூட்டிக்கொள்ளும்.

கீல் தாழ்வாக இருந்தால் முகப்பின் மேல்விளிம்பு நெற்றியில் முட்டும். அது முதலில் முன்னால் வந்து பிறகு மேலே போகும்படி கீலை உயரத்தில் வைத்து, முகப்பைத் தாங்கும் கையை அதற்கேற்ப வளைக்க வேண்டும். ஃபோமில் கை வைக்கும் முன் அட்டையில் வெட்டி, குண்டூசியைக் கீலாகக் குத்தி ஆட்டிப் பாருங்கள்.

சர்வோ எம்ஜி90எஸ் வாங்குங்கள், உலோகப் பல். இணையத்தில் அந்தப் பெயர் ஒட்டி உள்ளே பிளாஸ்டிக் பல் வைத்து விற்பவர்களும் உண்டு. நான்கு திருகையும் கழற்றிப் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள். பெரிய சர்வோவான எம்ஜி996ஆர் போடச் சொல்பவர்கள் அது ஒன்றே 55 கிராம் என்பதைச் சொல்வதில்லை. கேஎல் புடு ஜாலான் பசார் மின்னணுக் கடைகளில் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பினாங்குக்காரர்களுக்கு சைட்ரான் என்ற மின்னணுப் பொருள் நிறுவனம் இருக்கிறது.

மின்சாரத்துக்கு பவர் பேங்க் வேண்டாம். முகப்பு சும்மா இருக்கும்போது நானோவும் (சர்வோவுக்குக் கட்டளை கொடுக்கும் ஆர்டுயினோ நானோ என்ற சிறு பலகை) கண் எல்இடிகளும் இழுப்பது அற்பம். பல பவர் பேங்குகள் அதைப் பார்த்து "யாரும் இல்லை" என்று தானே அணைந்துவிடும். ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி நான்கைத் தொடராக இணைத்தால் 4.8 வோல்ட், நேரே சர்வோவுக்குக் கொடுக்கலாம். பின்மண்டையில் வைத்தால் முகப்புக்கு எதிர்ப்பாரமும் ஆயிற்று. லித்தியம்தான் சிறந்தது என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: உண்மைதான், உங்களுக்கு ஃபியூஸ், பாதுகாப்புச் சுற்று எல்லாம் தெரியும். முதல் தடவை செய்பவரின் தலைக்குப் பின்னால் அதை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

சர்வோவின் சிவப்புக் கம்பியை நானோவின் 5வி இணைப்புக் காலில் சொருகாதீர்கள். பேட்டரியிலிருந்து தனிக் கம்பி. கிரவுண்ட் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. சர்வோ இரண்டும் ஒன்றாகக் கிளம்பும்போது வோல்ட் சரிந்து நானோ ரீசெட் ஆகும், முகப்பு பாதியில் துள்ளும். அதற்கு நானோவுக்குப் போகும் வழியில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்5819 டயோடு ஒன்று, டயோடுக்கு அப்பால் நானோ பக்கம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. புதிதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி 5.5 வோல்ட்டைத் தாண்டினாலும் டயோடு கொஞ்சம் குறைத்துத் தரும். வெள்ளை எல்இடி ஒவ்வொன்றுக்கும் 100 ஓம் ரெசிஸ்டர்.

நிரலில் சில விஷயங்கள்தான். அட்டாச் (சர்வோவை இயக்கத்தில் இணைக்கும் கட்டளை) செய்யும் முன்பே மூடிய கோணத்தை ரைட் (கோணத்தைச் சொல்லும் கட்டளை) செய்யுங்கள். இல்லாவிட்டால் சுவிட்ச் போட்டதும் முகப்பு எகிறும். ஒவ்வொரு டிகிரிக்கும் 8 மில்லிசெகண்ட் இடைவெளி விடுங்கள். மூடி முடிந்ததும் டிடாச் (இணைப்பை விடும் கட்டளை). முனகலும் நிற்கும், பேட்டரியும் மிஞ்சும். வலது சர்வோ இடதுக்குக் கண்ணாடி பிம்பம்: 180-இலிருந்து கழித்து அனுப்ப வேண்டும். சர்வோ கையை ஒரு பல் மாற்றி மாட்டினாலே 15 டிகிரிக்கு மேல் விலகும், எனவே கடைசிச் சீராக்கலை டிகிரியில் இல்லாமல், சர்வோவுக்கு அனுப்பும் துடிப்பின் நீளத்தை மாற்றி மைக்ரோசெகண்டில் செய்யுங்கள். செய்யாவிட்டால் இரண்டு சர்வோவும் ஒன்றையொன்று இழுத்துச் சூடேறும்.

பொத்தானுக்குக் கம்பி இழுக்காமல், ஹெல்மெட் ஓரத்தில் ரீட் சுவிட்ச் (காந்தம் நெருங்கினால் இயங்குவது), கையுறை விரல் நுனியில் காந்தம். கண்ணுக்குப் போகும் கம்பி கீலில் வளைந்து வளைந்து அறும். ஒற்றை இழைக் கம்பி வேண்டாம்; சிலிக்கான் உறை போட்ட பல இழைக் கம்பி, கீலருகே ஒரு சுருள் தளர்வோடு.

"இதெல்லாம் எதற்கு, ஷோப்பி இணையக் கடையில் வாங்கிவிடலாமே" என்பவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். அவர்களாவது நேர்மையானவர்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அப்பாவே எல்லாவற்றையும் சால்டர் செய்து கொடுக்க, பிள்ளை கோப்பையோடு படத்துக்கு நிற்கும் கூத்துக்கு இது எவ்வளவோ மேல். நடுவர் "கெபாசிட்டர் எதற்கு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், கேட்பதில்லை.

நம் ஊர்ச் சூடு தனிக் கவலை. உள்ளே 40 மி.மீ. 5 வோல்ட் ஃபேன் ஒன்றை உச்சியில், காற்றை வெளியே இழுக்கும்படி வையுங்கள். காற்று தாடையில் நுழையட்டும். முகத்தை நோக்கி ஊதவிட்டால் கண் காய்ந்துபோகும். வெயிலில் நிறுத்திய காடிக்குள் ஹெல்மெட்டை விட்டுப் போகாதீர்கள். ஹாட் குளூ இளகிச் சர்வோ கழன்று தொங்கும், பசைத் தையல்கள் வாய் பிளக்கும். பிறரிடம் கொடுத்து 3டி பிரிண்டரில் அச்சடித்த பிஎல்ஏ பிளாஸ்டிக் பாகங்கள் இருந்தால் 60 டிகிரியிலேயே கோணும். சர்வோவை ஹாட் குளூவால் ஒட்டவே வேண்டாம், திருகுங்கள்.

நிகழ்ச்சிக்கு இதை மாட்டிக்கொண்டே மோட்டார் சைக்கிளில் போகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இதில் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரையும் இல்லை, விழுந்தால் காப்பாற்றும் ஓடும் இல்லை. பையில் போட்டு எல்ஆர்டி ரயிலில் போங்கள், பேட்டரியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு.