சைட்வாக்ல டேபிள் போடலாமா? முதல்ல இஞ்ச் டேப்பை எடுங்க

நியூயார்க் குயின்ஸ்ல சின்னதா ஒரு டிபன் கடை நடத்துற தம்பி ஒருத்தர் எழுதிக் கேட்டிருக்கார்: "அக்கா, கடைக்குள்ள 24 பேர்தான் உக்கார முடியும். வெயில் காலத்துல வெளில நாலு டேபிள் போடலாம்னு ஆசை. கடை முகப்பு 20 அடி, சுவர்லேர்ந்து கர்ப் வரைக்கும், அதாவது ரோட்டை ஒட்டின விளிம்பு வரைக்கும், சைட்வாக் (நடைபாதை) 13 அடி இருக்கு, வாசல்ல ஒரு மரம் நிக்குது. பக்கத்து கடைக்காரர், கோவிட் டைம்ல எல்லாரும் போட்டாங்களே, நீயும் போடு, யாராச்சும் வந்து கேட்டா பாத்துக்கலாம்ங்கிறார். போடலாமா? எவ்ளோ செலவாகும்? புடிச்சா என்ன பண்ணுவாங்க?"

பர்மிட் இல்லாம போடாதீங்க தம்பி. பக்கத்து கடைக்காரர் பொய் சொல்லல, அவர் பாத்தத சொல்றார், ஆனா அந்தக் காலம் முடிஞ்சு போச்சு. 2020 ஜூன்ல ஓபன் ரெஸ்டாரன்ட்ஸ்னு சிட்டி அவசரமா ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, ஆன்லைன்ல நாமளே ஒரு ஃபார்ம் நிரப்பி எங்க கடை விதிக்குள்ளதான் இருக்குன்னு நாமளே உறுதி குடுத்தா போதும், மறுநாளே டேபிள் போட்டுக்கலாம். 12,000 கடைக்கு மேல அப்படித்தான் பொழைச்சுது, நான் பேப்பர் வேலை பாத்துக் குடுத்த கடைங்கள்லயும் பல பேருக்கு ரோட்ல கார் நிறுத்துற இடத்துல போட்ட அந்தக் குடிசைதான் வாடகை கட்டுச்சு. அதுக்கு முன்னாடி சைட்வாக் கஃபே லைசன்ஸ்ங்கிறது பெரும்பாலும் மன்ஹாட்டன்காரங்க சமாச்சாரம், குயின்ஸ்ல ரொம்பக் கம்மி. அப்புறம் 2023 ஆகஸ்ட்ல லோக்கல் லா 121 வந்துச்சு, டைனிங் அவுட் என்ஒய்சின்னு நிரந்தரத் திட்டம் ஆச்சு, போக்குவரத்துத் துறை, அதாவது டிஓடி கைக்குப் போச்சு, 2024 நவம்பர் 29க்குள்ள ரோட்ல நின்ன பழைய குடிசையெல்லாம் பிரிச்சாகணும்னு கெடு வச்சாங்க. பிரிச்சும் ஆச்சு.

இப்போ நீங்க முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க கடை வாசல் உங்களோடது இல்ல, உங்க பில்டிங் ஓனரோடதும் இல்ல, சிட்டியோடது. சிட்டி உங்களுக்குக் குடுக்குறது திரும்ப வாங்கிக்கக்கூடிய ஒரு சம்மதம் மட்டும்தான், சட்டத்துல அதுக்குப் பேரே ரிவோக்கபிள் கன்சென்ட். பொது இடத்தை வாடகைக்கு விடுறாங்க, சரியா வச்சுக்கலன்னா எடுத்துக்குவாங்க. அதனால டேபிள் போட இடம் இருக்கான்னு பாக்காதீங்க, மனுஷங்க நடக்க வேண்டிய வழியை ஒதுக்கின பிறகு மிச்சம் ஏதாவது இருக்கான்னு பாருங்க. இந்த ஒரு விஷயத்தைத் தலைகீழா பாத்துத்தான் முக்கால்வாசி பேர் மாட்டிக்கிறாங்க.

நடைவழின்னு குறைஞ்சது 8 அடி சுத்தமா விடணும். கூட்டம் அதிகமா நடக்குற தெருன்னா 10 அடி, ரொம்ப முக்கியமான தெருன்னா 12 அடி, உங்க தெரு எதுல வருதுன்னு டிஓடி மேப்லயே பாத்துக்கலாம். உங்களுக்கு 8 அடின்னே வச்சுப்போம். 13 அடில 8 போனா 5 அடி மிச்சம், ரெண்டு பேர் உக்கார்ற டேபிள் தாராளமா வரும்னுதான் நீங்க நெனைச்சிருப்பீங்க. ஆனா அந்த மரம் இருக்கே. மரத்துக் குழி கர்ப்லேர்ந்து உள்பக்கமா ஒரு 4 அடி எடுத்துக்கும்னு வச்சா, குழி விளிம்புக்கும் சுவருக்கும் நடுவுல இருக்குறதே 9 அடிதான், அதுல 8 அடி வழிக்குப் போனா உங்களுக்கு மிஞ்சுறது 1 அடி. ஒரு அடில தட்டுகூட வைக்க முடியாது. போன வருஷம் ஒரு கடைக்காரர் தானே பிளான் வரைஞ்சு அனுப்பினார், வரையறதுக்கு ஆர்க்கிடெக்ட் தேவையில்ல, அளவு சரியா இருந்தா நாமளே வரையலாம், ஆனா அவர் வாசல்ல இருந்த மரத்தை வரையாம விட்டுட்டார். திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி வரைஞ்சு, மறுபடி வரிசைல நின்னு, அந்த சீசனே போச்சு. எனக்கு இன்னும் மனசு ஆறல, ஏன்னா அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் படத்தை என்கிட்ட காட்டினார், நான் நேர்ல போய் பாக்காம விட்டுட்டேன்.

அதனால உங்க வாசலுக்கு சைட்வாக் கஃபே சரிப்படும்னு எனக்குத் தோணல. மரம் முகப்போட ஒரு ஓரத்துல இருந்தா மட்டும் இன்னொரு ஓரத்துல ஒண்ணு ரெண்டு டேபிளுக்கு வாய்ப்பு இருக்கு, ஆனா வீல்சேர்ல வர்றவங்க, ஸ்ட்ரோலர் தள்ளிட்டு வர்றவங்க வளைஞ்சு நெளிஞ்சு போற மாதிரி போட்டுறாதீங்க, கம்ப்ளைன்ட் முதல்ல வர்றதே அங்கதான்.

ரோட்ல போடுறதுக்கு வருவோம். கார் நிறுத்துற லேன்ல கர்ப்லேர்ந்து 8 அடி அகலம் வரைக்கும், நீளம் உங்க முகப்புக்குள்ள, அதிகபட்சம் 40 அடி. ஃபயர் ஹைட்ரன்ட் (தீயணைக்கத் தண்ணி எடுக்குற குழாய்) இருந்தா 15 அடி தள்ளி இருக்கணும், பஸ் லேன், சைக்கிள் லேன், எப்பவும் வண்டி நிக்கக்கூடாதுங்கிற நோ ஸ்டாண்டிங் எனிடைம் போர்டு இருக்குற இடம் இதுலெல்லாம் போடவே கூடாது. வீல்சேர் படி ஏறாம உள்ள வரணும், அதனால தரை கர்ப் உயரத்துக்கு சமமா இருக்கணும் இல்ல ரேம்ப் வைக்கணும், டேபிள் எத்தனை போட்டாலும் குறைஞ்சது ஒண்ணு வீல்சேருக்கு ஏத்ததா இருக்கணும். சுத்தி அடைச்சு ரூம் மாதிரி கட்டக்கூடாது, திறந்தாப்ல இருக்கணும். சைட்வாக் கஃபே வருஷம் பூரா ஓடலாம், ஆனா ரோட்ல ஏப்ரல் 1லேர்ந்து நவம்பர் 29 வரைக்கும்தான், அதுக்கப்புறம் மொத்தத்தையும் கழட்டி எங்கயாவது கொண்டு போய் வைக்கணும். சின்ன கடைக்காரங்க முதுகை ஒடிக்கிறது இந்தக் கழட்டுற வேலைதான். 12,000 பேர் இருந்த இடத்துல 2024 ஆகஸ்ட் கெடுவுக்குள்ள அப்ளை பண்ணினது சுமார் 3,000 பேர்தான்னா காரணம் நீங்களே யோசிச்சுக்கலாம், கோடௌன் வாடகை யார் குடுப்பா?

செலவு சொல்றேன். லைசன்ஸ் 1,050 டாலர், நாலு வருஷத்துக்கு. சைட்வாக், ரோடு ரெண்டும் வேணும்னா 2,100. டெபாசிட் சைட்வாக்குக்கு 1,500, ரோட்டுக்கு 2,500. இது போக வருஷா வருஷம் சதுர அடிக்கு வாடகை, அது எந்த ஏரியாங்கிறதைப் பொறுத்தது, ரோட்டுக்கு 5 டாலர்லேர்ந்து 25 வரைக்கும், சைட்வாக்குக்கு 6லேர்ந்து 31 வரைக்கும். உங்க முகப்பு 20, அகலம் 8, ஆக 160 சதுர அடி, குறைஞ்ச ரேட் ஏரியாவா இருந்தா வருஷத்துக்கு 800 டாலர். பாத்தா பெரிய தொகை இல்ல. ஆனா தரை, தடுப்பு, குடை, நாற்காலி, கழட்டி மாட்டுற கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்தா முதல் வருஷச் செலவு சிட்டி ஃபீஸை விட எங்கயோ போயிரும். எட்டு மாசத்துல ரெண்டு பேர் உக்கார்ற டேபிள் ஒரு ஆறு போட்டு அதை எடுக்க முடியுமான்னு உங்க டோக்கன் கணக்கை வச்சுப் பாருங்க. சாயங்காலம் 6 மணிக்கு மேல வாசல்ல ஆள் நின்னு காத்திருக்காங்கன்னா போடுங்க, உள்ளயே சீட் காலியா இருக்குற நாள்தான் ஜாஸ்தின்னா இந்த வருஷம் வேண்டாம்.

பேப்பர்னு பாத்தா, ஹெல்த் டிபார்ட்மென்ட் பர்மிட் நடப்புல இருக்கணும், பில்டிங் ஓனர் கையெழுத்து வேணும், இன்சூரன்ஸ்ல சிட்டி பேரும் இருக்கணும். ஓனர் கையெழுத்தை முதல்ல வாங்குங்க, லீஸ் புதுப்பிக்கிற நேரம்னா அதை வச்சே வாடகையை ஏத்தப் பாப்பாங்க. கடை பழங்கால பில்டிங்னு அறிவிச்ச ஏரியால இருந்தா லேண்ட்மார்க்ஸ் கமிஷன் ஒப்புதலும் சேந்துக்கும். பீர், ஒயின் பரிமாறணும்னா ஸ்டேட் லிக்கர் அத்தாரிட்டிட்ட தனியா கேக்கணும், உள்ள இருக்குற லைசன்ஸ் தானா வெளில வந்துராது. டிஓடி பாத்து முடிச்சதும் கம்யூனிட்டி போர்டுக்கு, அதாவது உங்க ஏரியாவோட உள்ளூர்க் குழுவுக்குப் போகும், கடைசில சிட்டி கணக்கைப் பாக்குற கம்ப்ட்ரோலர்ட்ட ஒப்பந்தம் பதிவாகும். 2025 ஏப்ரல்ல சீசன் ஆரம்பிச்சப்போ ஃபைல் எக்கச்சக்கமா தேங்கி நின்னு, கண்டிஷனல் அப்ரூவல் குடுத்துத்தான் பல பேரைத் திறக்க விட்டாங்க, அதனால மார்ச்ல அப்ளை பண்ணிட்டு ஏப்ரல்ல டேபிள் போடலாம்னு கனவு காணாதீங்க. கம்யூனிட்டி போர்டு கூட்டத்துக்கு நீங்களே நேர்ல போங்க. மாடில குடியிருக்குறவங்க அங்கதான் வருவாங்க, அவங்க கவலை சத்தமும் எலியும், ராத்திரி எத்தனை மணிக்கு நாற்காலி உள்ள போகும், குப்பை எப்ப வெளில போகும்னு நீங்க வாய்விட்டுச் சொன்னா பாதி எதிர்ப்பு அங்கயே அடங்கிரும். சட்டம் ராத்திரி 12 வரைக்கும் விடுது, நீங்க 10ன்னு சொல்லுங்க.

புடிச்சா என்ன ஆகும்னு கேட்டீங்க. பெரும்பாலும் இன்ஸ்பெக்டர் தானா வர்றதில்ல, யாராவது சிட்டியோட புகார் நம்பர் 311க்கு போன் போடுவாங்க, வழி அடைச்சிருக்குன்னோ பாட்டு சத்தம்னோ. வந்து அளப்பாங்க, சம்மன் குடுப்பாங்க, அது ஓத்ங்கிற நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகும். திரும்பத் திரும்ப ஆனா லைசன்ஸ் போகும், சாமானையும் அள்ளிட்டுப் போகலாம். சம்மன் வந்தா பயந்து ஒளியாதீங்க, போகாம விட்டாதான் அபராதம் ஏறும். போன்லயே விசாரணைக்கு வரலாம், மொழிபெயர்ப்பாளர் காசில்லாம குடுப்பாங்க, தமிழ்ல பேசணும்னு தைரியமா கேளுங்க. அளவு சரியா இருக்குறப்போ டேப் வச்சு எடுத்த போட்டோ ரெண்டு உங்க போன்ல எப்பவும் இருக்கட்டும்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா டிபன் கடைக்காரங்க எல்லாருக்கும் வர்ற ஆசை. தோசைக்கல்லை வெளில வச்சு ஊத்தினா கூட்டம் வரும்னு தோணும், நம்மூர்ல பிளாட்பாரத்துல கல்லு போட்டு நிக்குறதைப் பாத்து வளந்தவங்க நாம. இந்த லைசன்ஸ் உக்காந்து சாப்பிடத்தான், சமைக்க இல்ல. புரொப்பேன் ஹீட்டரும் கூடாது.

ஞாயித்துக்கிழமை காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆளைக் கூட வச்சுக்கிட்டு அளங்க: சுவர்லேர்ந்து கர்ப், மரக் குழி, பார்க்கிங் மீட்டர், பேஸ்மென்ட் இறங்குற கதவு, ரெண்டு பக்கமும் ஹைட்ரன்ட் எத்தனை அடில இருக்கு, எல்லாத்தையும். ரோட்டோர பார்க்கிங் போர்டை ஒரு போட்டோ எடுத்து அந்தப் பேப்பரோட எனக்கு அனுப்புங்க தம்பி, இந்தத் தடவை நான் நேர்லயே வந்து பாத்துட்டு சொல்றேன்.